பத்தடிக்கு எட்டடி

காவேரிப்பட்டினத்தில் கம்ப்யூட்டர்கள் பழசானது ஃப்ளெக்ஸ் வந்த பிறகுதான். அதற்கு முன்பும் அவற்றில் தூசு படிந்தது, பல்லி புகுந்தது, மவுஸ் உருண்டையில் அழுக்கு அடைந்தது. ஆனால் "மெஷின் பழசாயிடுச்சு" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் நான் டிடிபி சென்டர் போட்டது 2003இல். பென்டியம் 4, இன்டெல் 845 சிப்செட் போர்டு, 40 ஜிபி ஹார்டு டிஸ்க், 128 எம்பி ரேம். கம்பெனி மெஷின் இல்லை, அசெம்பிள்டு. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது என்பதால் அந்த 128இலும் 8 எம்பியை டிஸ்ப்ளே எடுத்துக்கொள்ளும். மிச்சம் 120இல் விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், ஸ்ரீலிபி மூன்றும் தாராளமாக ஓடின. கல்யாணப் பத்திரிகை, மாங்காய் மண்டிக்குப் பில் புக், மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு லெட்டர்பேட், பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்று அப்போதைய வேலைகள் எல்லாம் கறுப்பு எழுத்து வேலைகள். ஒரு பத்திரிகை ஃபைல் ஃப்ளாப்பியில் அடங்கிவிடும். லேசர் பிரிண்டரில் டிரேசிங் பேப்பர் எடுத்து, பிளேட் போட்டு, மினி ஆஃப்செட்டில் ஓட்டினால் முடிந்தது.

அப்பா அச்சுக்கூடம் வைத்திருந்தவர். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில். அதன் சேஸ் என்கிற இரும்புச் சட்டத்துக்குள் எவ்வளவு எழுத்து அடங்குமோ அவ்வளவுதான் அச்சு. அதைவிடப் பெரிசாகக் கேட்டு வருபவரைக் கூச்சமே இல்லாமல் கிருஷ்ணகிரிக்கு அனுப்பிவிடுவார். எழுத்து தேய்ந்தால் புது எழுத்து வாங்குவார், ரோலர் போனால் வார்க்கக் கொடுப்பார். மெஷின் போதவில்லை என்ற பேச்சே அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நான் கம்ப்யூட்டர் வாங்கியபோது, "இது எத்தன வருஷம் வரும்?" என்று கேட்டார். கடைக்காரர் ஏதோ சொன்னார். அப்பா கேட்டது இரும்பின் ஆயுளை. கடைக்காரர் சொன்னது வாரண்டியை.

2005 வாக்கில் ஃப்ளெக்ஸ் எங்கள் பக்கம் பரவியது. அதற்கு முன்னால் கட்சிக்காரர்களுக்குச் சுவர் இருந்தது, பெயின்டர் இருந்தார், துணி பேனர் இருந்தது. இப்போது காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, தலைவர் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஃபோட்டோவோடு பேனர் வேண்டும். பிரிண்டிங் மெஷின் ஊரில் கிடையாது. நாங்கள் டிசைன் செய்து சிடியில் எழுதி சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ்ஸில் அனுப்புவோம். மறுநாள் சுருட்டிய ஃப்ளெக்ஸ் வந்து இறங்கும்.

எல்லாரும் கேட்ட அளவு பத்தடிக்கு எட்டடி. கணக்கைப் பாருங்கள். அடிக்கு 12 இஞ்ச், இஞ்சுக்கு 72 புள்ளி என்றால் அகலத்தில் 8,640 புள்ளி, உயரத்தில் 6,912. பெருக்கினால் கிட்டத்தட்ட ஆறு கோடிப் புள்ளி. அச்சுக்கு நாலு கலர், கலருக்கு ஒரு பைட். ஃபோட்டோஷாப்பில் இந்த அளவுக்கு ஒரு வெற்றுப் பக்கம் திறந்தாலே கீழே 228 எம்பி என்று காட்டும். முகம் ஒட்டுவதற்கு முன்னால், பெயர் எழுதுவதற்கு முன்னால். என் மெஷினில் இருந்ததோ 120.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முகமும் ஒரு லேயர். நடுவில் தலைவர், மேலே மறைந்த தலைவர்கள், கீழே வட்டம் வட்டமாக ஒன்றியம், கிளை, வார்டு. நம் பேனர்களில் படத்தைவிட முகம் அதிகம். யாரை விட்டாலும் சண்டை. ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும். ரேமில் இடம் இல்லாதபோது ஃபோட்டோஷாப் ஹார்டு டிஸ்கில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே எடுத்து வைப்பதும் கொண்டுவருவதுமாக இருக்கும். ரேமைவிட டிஸ்க் பல மடங்கு மெதுவானது. கேபினெட் முன்னால் இருக்கிற சிவப்பு விளக்கு அணையாமல் எரியும். ஒரு முகத்தை நாலு விரல்கடை நகர்த்திவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் முகம் பாதி நகர்ந்திருக்கும். கடைசியில் ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல் என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அதில் ஓகே என்ற ஒரே பட்டன். ஓகே சொல்வதைத் தவிர நமக்கு வழி கிடையாது.

இதற்கு டிசைனர்கள் எல்லாரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அடிக்கு ஓர் இஞ்ச் கணக்கில், பத்து இஞ்சுக்கு எட்டு இஞ்ச் பக்கம், 300 புள்ளி. ஃபைல் 28 எம்பிக்குள் நின்றுவிடும். பிரிண்டிங்கில் பன்னிரண்டு மடங்கு பெருக்கிக்கொள்வார்கள். பெருக்கும்போது இஞ்சுக்கு 25 புள்ளிதான் மிஞ்சும். ரோட்டில் போகிறவருக்கு அது போதும். ஆனால் பேனருக்குப் பணம் கொடுத்தவர் ரோட்டில் போகிறவர் இல்லையே.

"என்னப்பா, தலைவர் மூஞ்சி கட்டம் கட்டமா இருக்குது?"

"தூரத்துல இருந்து பாத்தா தெரியாதுணா."

"தலைவரு மேடைக்கு வரும்போது பக்கத்துல வந்து பாப்பாரு இல்ல? என் மூஞ்சி எப்படி இருந்தா என்ன, அவரு மூஞ்சி நல்லா இருக்கணும்பா."

2006 சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய மாதங்கள் அவை. காவேரிப்பட்டினம் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்த கடைசித் தேர்தல் அது. தொகுதி மறுசீரமைப்பில் 2011க்குள் அந்தப் பெயர் பட்டியலில் இருந்தே போய்விட்டது. ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. பேனர் கேட்ட அண்ணன் சொன்னதில் நியாயமும் இருந்தது. ரேம் போட்டே ஆக வேண்டும்.

சர்வீஸ் பார்க்க ஒரு தம்பி இருந்தான். டிப்ளமோ முடித்து, ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கடைகளுக்கு வருவான். ஊரில் பாதி கம்ப்யூட்டர்களின் வயிறு அவனுக்குத் தெரியும். என் கேபினெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டு ஸ்லாட்டுணா. ரெண்டு 256 போட்டுக்கலாம். இந்த 128அத் தூக்கிரலாம்" என்றான். சும்மா இருக்கட்டுமே என்றேன். இடம் இல்லை என்றான்.

ரேம் வாங்க எஸ்.பி. ரோடு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எங்களுக்கு ஓர் இரவுப் பயணம், பெங்களூர் எஸ்.பி. ரோடு காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரம். கிருஷ்ணகிரி போய் பஸ் மாறி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் 2010இல்தான் வந்தது. அதற்கு முன்பு அத்திப்பள்ளியில் இருந்து சில்க் போர்டு போய்ச் சேர்வதற்குள் கிருஷ்ணகிரிக்கே திரும்பியிருக்கலாம் என்று தோன்றும். சாதர் பத்ரப்பா ரோடு என்பது அந்தத் தெருவின் முழுப்பெயர். அப்படிச் சொல்லி வழி கேட்டால் ஆட்டோக்காரர் முழிப்பார். சிட்டி மார்க்கெட் பக்கத்தில், இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலத்தில், கேபிளும் கீபோர்டும் வாசலுக்கு வெளியே தொங்கும் கடைகள்.

அங்கே மொழிப் பிரச்சினை இல்லை. முதலாளி இந்தி பேசுவார், கல்லாவில் கன்னடம், ஸ்டாக் எடுத்துத் தருகிற பையன் பெரும்பாலும் நம்ம தருமபுரி, திருப்பத்தூர்ப் பையனாக இருப்பான். விலையை மட்டும் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டுவார்கள். மே மாதமாக இருந்தால் நான் ஒரு பையில் செந்தூரா மாம்பழம் கொண்டுபோவேன். அதற்காக விலை குறைந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் சுத்தமான சரக்கு உள்ளிருந்து வரும்.

சுத்தமான சரக்கு என்பது அங்கே பெரிய விஷயம். சீல் பேக், லூஸ் என்று இரண்டு வகை. லூஸில் எந்தச் சிப் என்று பார்க்க வேண்டும். அப்போது சாம்சங், ஹைனிக்ஸ், இன்ஃபினியான் என்று சிப்பின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும். சில கடைகளில் அந்த எழுத்தே சுரண்டி மறுபடி அச்சடித்த மாதிரி இருக்கும். அதனால்தான் பழைய ரேமைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது எங்கள் வழக்கம். இதே மாதிரி வேண்டும் என்று எடுத்து நீட்டிவிட்டால் பேச்சு மிச்சம். பழைய எஸ்டி ரேமுக்கு 168 கால், டிடிஆருக்கு 184, டிடிஆர்-2க்கு 240. டிடிஆர்-3க்கும் 240 கால்தான், ஆனால் நடுவில் இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. தலைமுறை மாற மாற மின்னழுத்தமும் குறைந்துகொண்டே வந்தது. எஸ்டி ரேமுக்கு 3.3 வோல்ட், டிடிஆருக்கு 2.5, டிடிஆர்-2க்கு 1.8. வெட்டை மாற்றி வைத்தது சும்மா இல்லை.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தம்பி உட்கார்ந்தான். முதலில் பவர் கேபிளைப் பிடுங்கினான். பிறகு கேபினெட்டின் இரும்பில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் சும்மா இருந்தான். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்பான். அது இறங்காமல் சிப்பைத் தொட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது, சிப்புக்குத் தெரியும். ஸ்லாட்டின் இரண்டு பக்கத்து வெள்ளைக் கிளிப்பையும் வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் தானாக மேலே எழும்பும். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதப் போன என்னைத் தடுத்து, பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டினான். எச்சில் பட்டால் துருவாம். பிறகு சட்டைப் பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரை எடுத்து, ரேமின் தங்க நிறக் கால்களை மேலிருந்து கீழாக மட்டும் தேய்த்தான். பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது. புது ரேமைக்கூட அவன் ஒரு தடவை தேய்க்காமல் போட்டதில்லை. வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சீராக அழுத்தினான். ஒரு பக்கம் டக், மறு பக்கம் டக். இரண்டாவது டக் கேட்காவிட்டால் ஸ்விட்ச் போடக் கூடாது.

ஸ்விட்ச் போட்டதும் கத்தல். விட்டு விட்டு ஒரே மாதிரி நீளமான பீப். ரேம் சரியாக உட்காரவில்லை என்றால் போர்டு இப்படித்தான் கத்தும். சில போர்டு மூன்று தடவை கத்திவிட்டு நிறுத்தும். நான் எஸ்.பி. ரோட்டுக்காரரைத் திட்ட ஆரம்பித்தேன். தம்பி அலட்டிக்கொள்ளாமல் கழற்றி, இன்னொரு தடவை ரப்பர் போட்டு, இடம் மாற்றிச் செருகினான். கறுப்புத் திரையில் எண் மளமளவென்று ஓடி 516096இல் நின்றது. 512 எம்பி என்றால் 524288 வர வேண்டும். மிச்சத்தை வழக்கம்போல டிஸ்ப்ளே எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு ராத்திரி அதே பத்தடிக்கு எட்டடி ஃபைலைத் திறந்தேன். முகத்தைப் பிடித்து இழுத்தேன்; கூடவே வந்தது. சிவப்பு விளக்கு எப்போதோ ஒரு தடவை கண் சிமிட்டியது. பிராசஸர் அதே, டிஸ்க் அதே, மானிட்டரில் படிந்த தூசியும் அதே. கம்ப்யூட்டர் சம்பந்தமாக நான் செய்த செலவுகளில் போட்ட காசு அன்றே தெரிந்த செலவு ரேம் ஒன்றுதான். மற்றதெல்லாம் விளம்பரத்தில் மட்டும் வேகம்.

அந்தச் சந்தோஷம் ஒரு சீசனுக்குத்தான். பத்தடிக்கு எட்டடி சுலபமாக வருகிறது என்று தெரிந்ததும் ஆர்டர் இருபதுக்குப் பத்தானது. 72 புள்ளி கணக்கில் அது 570 எம்பி. டிஜிட்டல் கேமராக்காரர்கள் வேறு ஐந்து மெகாபிக்சல், எட்டு மெகாபிக்சல் என்று கொண்டுவந்து கொட்டினார்கள். 2003இல் போட்ட மண்டி பில் புக் ஃபைலை அதே மெஷினில் திறந்தால் 2003இல் திறந்த அதே வேகத்தில் திறந்தது. அந்தப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே ரோட்டில் பேனர் பெரிசாகிக்கொண்டே போனது, உள்ளே மெஷினுக்கு வயசாகிக்கொண்டே போனது. அப்பாவின் டிரெடிலுக்கு அந்தக் கஷ்டம் இல்லாமல் போனதற்கு அதன் இரும்பு காரணம் இல்லை. பெரிசாகக் கேட்டவர்களை அவர் கிருஷ்ணகிரிக்கு அனுப்பியதுதான் காரணம். என்னால் யாரையும் அனுப்ப முடியவில்லை. கிருஷ்ணகிரிக்குப் போனவர் திரும்பி வர மாட்டார்.

கழற்றிய 128 எங்கே போனது என்று சொல்ல வேண்டும். ஒரு டிராயிங் வாத்தியார் வீட்டு மெஷினுக்குப் போனது. அவர் மெஷினில் இருந்த 64, இன்னொரு கடையில் பில் போடுகிற மெஷினுக்குப் போனது. எங்கள் ஊரில் ஒருவர் ரேம் போட்டால் மூன்று பேருக்கு வேகம் கூடும். குப்பைக்குப் போன ரேமை நான் பார்த்ததில்லை. செத்துப்போனது என்று ஒதுக்கியதைக்கூடத் தம்பி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பான். வேறு போர்டில் உயிர் வரலாம் என்பான், சிலது வரவும் செய்தது.

இதனாலேயே சந்தேகமும் உண்டு. சர்வீஸுக்குக் கொடுத்தால் ரேமை மாற்றிவிடுவார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. 512 போட்ட மெஷின் போய் 256ஆகத் திரும்பி வந்த கதை எல்லாரிடமும் ஒன்று இருக்கும். அதனால் சிலர் கேபினெட்டைக் கொடுப்பதற்கு முன்னால் ரேமின் மேல் மார்க்கர் பேனாவால் தங்கள் இனிஷியலைப் போட்டு அனுப்புவார்கள். தம்பியின் டப்பாவைக் கிளறினால் ஊர்ப் பெரிய மனுஷர்களின் இனிஷியல் எல்லாம் கிடைக்கும். அவன் எதையும் அழிக்க மாட்டான். "எது எங்கருந்து வந்துச்சுன்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா சொல்லணும்ல."

2008இல் இரண்டாவது மெஷின் வந்தது. டூயல் கோர், ஜி31 போர்டு, டிடிஆர்-2. இந்தத் தடவை ஆசை தீர 4 ஜிபி போட்டேன். எக்ஸ்பியோ 3.25 ஜிபிதான் காட்டியது. சரக்கு போலி என்று சண்டைக்குப் போகத் தயாரானேன், தம்பிதான் விளக்கினான். 32 பிட் விண்டோஸுக்கு முகவரி எண்ணிக்கையே மொத்தம் 4 ஜிபிக்குத்தான் இருக்கிறது, அதிலும் ஒரு பங்கை மற்ற கருவிகளுக்கு ஒதுக்கிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய முக்கால் ஜிபி உள்ளே சும்மா சூடாகிக்கொண்டு கிடந்தது.

அந்தச் சமயத்தில் இன்னொரு வேடிக்கை. பழைய பென்டியம் 4க்கு இன்னும் கொஞ்சம் டிடிஆர் போடலாம் என்று விசாரித்தால், டிடிஆர்-2வைவிட விலை அதிகம். உற்பத்தி நின்றுபோகிற சரக்குக்கு வரத்து குறையும், தேவை மட்டும் எங்களைப் போன்றவர்களிடம் தங்கிவிடும். பழைய மெஷினைக் காப்பாற்றுவதற்கு ஆகிற செலவுதான் ஏழைகளுக்கு எப்போதும் கூடுதல் என்று அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

2008இல் ஆரம்பித்த மின்வெட்டு 2012இல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். சில நாள் அந்தக் கணக்கும் கிடையாது. என்னிடம் இருந்த சின்ன யூபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும், பேட்டரி கிழடானதும் ஒரு நிமிஷம். ரேமில் இருக்கிற வேலை கரண்ட் போனால் போச்சு. டிஸ்கில் எழுதாத வரைக்கும் அந்தப் பேனர் இந்த உலகத்தில் இல்லை.

இது ஏன் என்று எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. ராபர்ட் டென்னார்ட் 2024 ஏப்ரலில் இறந்தபோது வந்த செய்திகளில் படித்தேன். ஐபிஎம்மில் இருந்தவர். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர், இவை இரண்டை வைத்து ஒரு பிட்டைச் சேமிக்கலாம் என்று கண்டுபிடித்தார். காப்புரிமை 1968இல் கிடைத்தது. 1970இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சிப்பில் மொத்தம் 1,024 பிட். என் பேனரில் பத்துப் பன்னிரண்டு எழுத்தைக்கூட அதில் வரைய முடியாது. டென்னார்டின் அந்தக் கெபாசிட்டர் எப்போதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் என் மெஷின்களின் ரேமில் எல்லா அறைகளையும் 64 மில்லி விநாடிக்குள் ஒரு தடவை படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், நாள் முழுக்க, நாம் ஒன்றும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதும். இவ்வளவு ஓட்டை உள்ள பொருளை நம்பி 2012ஐக் கடந்திருக்கிறோம். கன்ட்ரோல் எஸ் அழுத்தும் பழக்கம் என் இடது கைக்கு அந்த வருஷம் வந்தது. இப்போது ஃபோனில் மெசேஜ் அடிக்கும்போதும் சுண்டுவிரல் கீழே போகிறது.

2013இல் எச்61 போர்டு, ஐ3, டிடிஆர்-3. ஓசூரில் இருந்து ஒட்டன்சத்திரம் வரைக்கும் சின்னக் கடைகளைத் தாங்கி நிற்கிற போர்டு அதுதான் என்பேன். இரண்டே ஸ்லாட், 4இல் ஆரம்பித்து 8 ஆக்கி, பிறகு 16 ஆக்கினேன். 16க்கு மேல் அது ஏறாது. அதற்குள் 64 பிட் விண்டோஸ் 7 வந்திருந்தது, போட்டதெல்லாம் காட்டியது. மறுவருஷம் ஏப்ரல் 8ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு அப்டேட் நின்றது. பென்டியம் 4 அதைப் பற்றிக் கவலைப்படாமல் மண்டி பில் புக் அடித்துக்கொண்டிருந்தது. யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்த ஃபைல்களை வேறு மெஷினில் திறந்தால் கொக்கி கொக்கியாக வரும் என்பதால் அதற்கு வேலை நிரந்தரம்.

பேனர் தொழில் குறைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டு பலமுறை கண்டித்தது, யாரும் கேட்கவில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் இறந்தார். அதன் பிறகு பெர்மிஷன் இல்லாமல் அடிக்கப் பிரிண்டிங்காரர்கள் பயந்தார்கள், வைக்கக் கட்சிக்காரர்கள் தயங்கினார்கள். என் வருமானத்தில் பெரிய அடி. ஆனால் அந்த வருஷம் அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேனர் குறைந்தால் ரேம் தேவையும் குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. இப்போது கடையில் முக்கால்வாசி வேலை ஆன்லைன். பட்டா, வருமானச் சான்று, டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன், பேங்க் ஃபாரம், இடையில் வாட்ஸ்ஆப்பில் வருகிற ஃபோட்டோவை எடுத்து அளவு குறைத்து ஏற்றுவது. பிரவுசரில் பதினைந்து டேப் திறந்திருக்கும். ஐம்பது கேபிக்குள் ஃபோட்டோ கேட்கிற பக்கம் தான் மட்டும் ரேமில் சில நூறு எம்பி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆறு கோடிப் புள்ளிக்காக நான் ரேம் போட்டதில் ஒரு நியாயம் இருந்தது. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் அப்டேட் நின்றது. என் ஐ3 மூன்றாம் தலைமுறை. விண்டோஸ் 11 இன்டெல் மெஷின்களில் பொதுவாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்கும், டிபிஎம் என்று ஒரு பாதுகாப்பு வசதியும் கேட்கும். 16 ஜிபி இருக்கிறது, வேகமாக ஓடுகிறது, ஆனாலும் காலாவதி. சரி, பெங்களூர் ஐடி கம்பெனிகள் கழித்துவிடுகிற மெஷின்கள் எஸ்.பி. ரோட்டில் குவிந்து கிடக்குமே, எட்டாம் தலைமுறை ஐ5 ஒன்றை வாங்கி, டிடிஆர்-4 கொஞ்சம் கூடப் போட்டுக்கொள்ளலாம் என்று தம்பியிடம் சொன்னேன். தம்பிக்கு இப்போது நரைத்துவிட்டது. கம்பெனியில் சூப்பர்வைசர். வண்டியில் வந்து இறங்குகிறான், பிஸ்கட் டப்பா மட்டும் அதேதான்.

"ரேம் வெலைய விசாரிச்சீங்களாணா?" என்றான்.

விசாரித்தேன். எஸ்.பி. ரோட்டில் கால்குலேட்டர் போய் வாட்ஸ்ஆப் வந்திருந்தது. மாங்காய் மண்டியில் காலை விலை சாயங்காலம் செல்லாது என்பதுபோல, அனுப்பிய விலைக்குக் கீழேயே இன்றைக்கு மட்டும் என்று ஒரு வரி. சில மாதங்களுக்கு முன்பு இருந்ததைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. உலகத்து ரேம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு அடுக்கடுக்கான வேறு வகை மெமரி வேண்டியிருக்கிறது, அதில் லாபமும் அதிகம். ஃபேக்டரிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025 டிசம்பர் ஆரம்பத்தில் மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்குகிற குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. எங்கள் மாவட்டத்திலேயே, ஓசூருக்குப் பக்கத்தில் டாடா ஃபேக்டரியில் ஐஃபோனுக்கு உடம்பு செய்கிறார்கள்; சுற்றுவட்டாரத்துப் பெண் பிள்ளைகள் ஷிஃப்ட் பஸ்ஸில் போய் வருகிறார்கள். ஆனால் அந்த விலையை முடிவு பண்ணுகிற இடம் இங்கே பக்கத்தில் இல்லை.

"முன்னாடி நம்ம ஊரு பேனரு பெருசாச்சு, நீங்க ரேம் போட்டீங்க" என்றான் தம்பி. "இப்ப எங்கயோ எவனோ பேனரு பெருசா கேக்கறான், நாம காசு குடுக்கணும்."

ஐ5 வாங்கவில்லை. எச்61 மெஷினில் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, நெட் வேலைக்கு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். ஃபோட்டோஷாப் இருக்கிற விண்டோஸ் 10 பக்கம் போகும்போது நெட் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கடைப் பையன் இரண்டு நாள் முனகினான், பிறகு பழகிவிட்டான். கிளம்பும்போது தம்பி டப்பாவிலிருந்து இரண்டு டிடிஆர்-3 எடுத்து மேஜையில் வைத்தான். ஸ்பேருக்கு இருக்கட்டும் என்றான். ஒன்றில் மார்க்கரால் இனிஷியல் போட்டிருந்தது. யாருடையது என்று கேட்டேன். சொன்னான். ரேம் போட்டவர் இப்போது கம்ப்யூட்டர் பக்கமே வருவதில்லை, எல்லாம் ஃபோனில்தான் பார்க்கிறாராம். எவ்வளவு என்றேன். "சரக்கு என்னுது இல்லணா, அவருக்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வண்டியை எடுத்தான்.